களம்பூர் நெல் ஆலையில் நிற்கும் பழைய மிலிட்டரி லாரி: அடையாளம் காண்பதும் சீரமைப்பதும்

களம்பூருக்கு அருகே உங்கள் குடும்பத்து நெல் ஆலைக் கொட்டகையில் நிற்கும் லாரியைப் பற்றி நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. போர் முடிந்து பட்டாளம் வண்டிகளை ஏலம் விட்டபோது உங்கள் தாத்தா அதை வாங்கியிருக்கிறார். அது ஜவ்வாது மலையிலிருந்து மரமும் புளியும் இறக்கியது. பின்னாளில் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் உப்புத் தோல், அதாவது கெடாமலிருக்க உப்பிட்ட பச்சைத் தோல், ஏற்றியது. முன்மூக்கு குட்டை, முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே நீட்டியும் கீழ்விளிம்பு உள்ளே ஒடுங்கியும் இருக்கிறது. ஊர் மெக்கானிக் அதை ஃபோர்டு என்கிறார், பட்டாளத்தில் இருந்து வந்த மாமா இந்திய ராணுவ லாரியான சக்திமான் என்கிறார். மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, பச்சை பெயின்ட் அடித்து, புது டீசல் இன்ஜின் ஏற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. அந்த மூன்றில் எதையும் இப்போது செய்ய வேண்டாம் என்பதே என் பதில். வண்டி எது என்று உறுதியாகும் முன் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றை அழிக்கும்.

நீங்கள் சொன்ன கண்ணாடி அமைப்பு ஒன்றே பெரிய தடயம். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே ராணுவ வரைவை வைத்துக்கொண்டு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைச் செய்தன. கனடிய ராணுவ வடிவ லாரி என்று இன்று பொதுவாகச் சொல்லப்படுவது இவற்றைத்தான். இவற்றின் கேபின் மூன்று தலைமுறையாக மாறியது: 1940-இல் 11-ஆம் எண் கேபின், அதையடுத்து 12, 1941 இறுதியிலிருந்து போர் முடியும்வரை 13. முதல் இரண்டிலும் முன்கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். 13-இல் மட்டும் அது தலைகீழாகச் சாய்க்கப்பட்டிருக்கும். வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளி மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அதன் காரணம். ஆகவே கேபின் அசலானதாக இருந்தால் உங்கள் லாரி பெரும்பாலும் 1941-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட கனடிய லாரி.

"அசலானதாக இருந்தால்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏலத்தில் போன வண்டிகளுக்கு நம் ஊர்ப்பக்கம் மரச்சட்டம் வைத்துப் புதுக் கேபின் கட்டுவதும், ஒரு வண்டியின் கேபினை இன்னொன்றில் ஏற்றுவதும் சர்வசாதாரணமாக நடந்தன. கேபினும் இன்ஜினும் மாறிவிடக்கூடியவை. சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம்தான் வண்டியின் பிறப்பைச் சொல்லும். எனவே முதல் வேலையாக ஓர் அளவு நாடாவை எடுத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். கனடிய லாரிகளில் இந்த அளவு 101, 134, 158 அங்குலம், அதாவது சுமார் 257, 340, 401 சென்டிமீட்டர் என்ற மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் வரும். 101 வந்தால் 15 ஹண்டர்வெயிட் சுமை ஏற்றும் சிறிய வண்டி (ஒரு ஹண்டர்வெயிட் என்பது டன்னில் இருபதில் ஒரு பங்கு). 134 வந்தால் 30 ஹண்டர்வெயிட் அல்லது குட்டை சேஸிஸ் மூன்று டன். 158 வந்தால் நீள சேஸிஸ் மூன்று டன். மரம் இறக்கியது என்பதால் கடைசியாகச் சொன்னதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதையொட்டித்தான் அவற்றின் பெயரும்: சி60எல் என்றால் செவர்லே, 60 ஹண்டர்வெயிட், நீளம், எஃப்60எஸ் என்றால் ஃபோர்டு, அதே எடை, குட்டை.

அளவு இந்த மூன்றிலும் அடங்காமல் நடுவில் எங்கேயாவது நின்றால், சேஸிஸை வெட்டி நீட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கேபினுக்குப் பின்னால் சட்டத்தின் பக்கவாட்டில் தகடு வைத்து ரிவெட் அடித்த அல்லது வெல்டிங் போட்ட ஒட்டு தென்படும். பின்னால் இரண்டு ஆக்சில் இருந்து, முன் ஆக்சிலிலிருந்து அவ்விரண்டின் நடுப்புள்ளிவரை 145 அல்லது 164 அங்குலம் வந்தால் அது அமெரிக்க ஜிஎம்சி. ஆறு சக்கர இயக்கம் கொண்ட அந்த இரண்டரை டன் லாரி 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. அதன் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கனடிய லாரிக்கு வலப்பக்கம். 98 அங்குலமே வந்தால் டாட்ஜ் முக்கால் டன் வண்டியாக இருக்கலாம்.

உங்கள் மாமாவின் சக்திமான் ஊகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போன பழைய வட ஆற்காடு மாவட்டம் இது. 1962-க்கும் 1971-க்கும் இடையில் அவர்கள் ஓட்டியதும் பழுது பார்த்ததும் சக்திமானையும் நிஸ்ஸான் ஒரு டன் லாரியையும்தான். ஆனால் ஜபல்பூரில் சக்திமான் உருவாகத் தொடங்கியது 1959-இல். நிஸ்ஸான் அதற்கும் பின்னால் வந்தது. போர் முடிந்து பதினான்கு ஆண்டு கழித்துப் பிறந்த வண்டியை உங்கள் தாத்தா போருக்குப்பின் ஏலத்தில் எடுத்திருக்க வழியில்லை. ஆயினும் குடும்பத்தில் வழங்கும் காலக்கணக்கு பத்து, பதினைந்து ஆண்டு முன்பின் நழுவுவது உண்டென்பதால், போல்ட்டைக் கொண்டு சோதித்துக்கொள்வது நல்லது. சக்திமான் ஜெர்மானிய வடிவமைப்பு, மில்லிமீட்டர் கணக்கு. கனடிய லாரி அங்குலக் கணக்கு. இதுவரை யாரும் கழற்றாத போல்ட்டாகப் பாருங்கள். ஆக்சில் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் மூடி, அல்லது முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் அப்படிப்பட்டவை இருக்கும். 19 எம்எம் ஸ்பேனரை வைத்துச் சோதிக்காதீர்கள். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர் என்பதால் அது இரண்டிலும் கச்சிதமாக உட்கார்ந்து உங்களை ஏமாற்றும். 14 எம்எம் ஸ்பேனரே சரியான சோதனை: ஒன்பது பதினாறாம் அங்குலத் தலை 14.29 மில்லிமீட்டர் என்பதால் அதில் ஏறவே ஏறாது.

அடுத்து எண்கள். கேபினுக்குள் இன்ஜின் மூடிமீதோ டாஷ்போர்டிலோ ரிவெட் அடித்த சிறு உலோகத் தகடு எஞ்சியிருந்தால், அதைப் பித்தளைக் குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்தின் பள்ளத்தில் தங்கியிருக்கும் பெயின்டே பல தகடுகளில் படிக்கக் கிடைக்கும் ஒரே மிச்சம். அமிலம் அதையும் கரைத்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு படம் பிடியுங்கள். சேஸிஸ் எண் சட்டத்திலேயே அடித்திருக்கும். முன்பகுதியில், ஸ்டியரிங் பெட்டி பொருந்திய இடத்தைச் சுற்றி முதலில் தேடுங்கள். கிரைண்டரை அங்கே கொண்டுபோகவே கூடாது. பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மேல்துருவை மட்டும் நீக்கி, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலாகத் தேய்த்து, இருட்டிய பின் டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் வெறும் துருவாகத் தெரிந்த இடத்தில் எண்ணின் விளிம்பு நிழலாக எழும். பாதிதான் தெரிகிறது என்றால் பாதியோடு விட்டுவிடுங்கள். மறுபடி அடித்துத் தெளிவாக்குகிறேன் என்று ஒருவர் முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் எழுந்தால் அதன்பிறகு எந்தப் பதிவு அலுவலகமும் உங்களை நம்பாது.

ஃபோர்டா செவர்லேயா என்பதற்கு இன்ஜின் பதில் சொல்லும். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், மேலே நீண்ட தகர மூடி என்றால் செவர்லே; 216 கன அங்குலம், 85 குதிரைத்திறன். வி வடிவில் நான்கு நான்காகப் பிரிந்து, தட்டையான இரண்டு தலைகளும் இரண்டு வாட்டர் பம்ப்பும் இருந்தால் ஃபோர்டு வி8; 239 கன அங்குலம், 95 குதிரைத்திறன். மூன்றாவது சாத்தியம் ஒன்றும் இருக்கிறது, நம் பக்கத்தில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன்: பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை ஏற்றியிருப்பது. 1950-களில் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் இந்த இன்ஜினைத் தயாரிக்கத் தொடங்கியபின், பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத லாரிக்காரர்கள் பலர் இந்த மாற்றத்தைச் செய்துகொண்டார்கள். பக்கவாட்டில் டீசல் பம்ப்பும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படி பி6 இருந்தால் அதை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பட்டாளத்தில் அந்த வண்டி ஓடியது அதிகம் போனால் நான்கைந்து ஆண்டு. ஜவ்வாது மலைப்பாதையிலும் தோல் மண்டிகளிலும் அது உழைத்தது அதைப்போலப் பல மடங்கு. மலையேற ஏற்றிய டீசல் இன்ஜினும், உள்ளூர் ஆசாரி கட்டிய மரப் பாடியும், கதவில் தாத்தா எழுதவைத்த பெயரும் அந்த வண்டியின் சொந்த வரலாறு. அவற்றைச் சுரண்டிவிட்டுப் போர்க்கால நேசநாட்டுப் படைகளின் வெள்ளை நட்சத்திரத்தை வரைந்து நிறுத்தினால், கண்காட்சிகளில் நிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளில் அதுவும் ஒன்றாகிவிடும். பட்டாளத்துத் தோற்றத்தைத்தான் மீட்க வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினால் அதுவும் குற்றமில்லை; ஆனால் ஆதாரத்தோடு செய்யுங்கள். பானட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவு இடத்தைத் தேர்ந்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் அடுக்கடுக்காகத் தேயுங்கள். மேல்நிறம், அதன்கீழ் பழைய நிறம், அதன்கீழ் பட்டாள நிறம் என்று வளையம் வளையமாகத் தெரியும். பிரிட்டிஷ் முறையில் லாரிகளுக்கு 'எல்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணை வெள்ளையில் எழுதுவார்கள். அதன் சாயல் அடியில் கிடைத்தால் பெரிய பேறு. பெயின்ட் கடையில் மிலிட்டரி பச்சை என்று கேட்டால் கொடுப்பது வேறு காலத்துப் பச்சை. அடியில் கிடைத்த நிறத்தை வைத்தே கலக்கச் சொல்லுங்கள்.

சீரமைப்பில் உங்கள் வண்டிக்கே உரிய சிக்கல் உப்புத் தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஏற்றிய லாரிகளில், உப்புநீர் பலகை இடுக்கு வழியாக வடிந்து சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்திலும், குறுக்குச் சட்டங்களை ரிவெட் அடித்த மடிப்புகளிலும் தேங்கிக் கிடக்கும். மேலே மணல் பீய்ச்சிப் பளபளவென்று ஆக்கி பெயின்ட் அடித்தாலும், அந்த மடிப்புக்குள் உப்பு இருக்கும்வரை இரண்டு மழைக்காலத்துக்குள் பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு துரு வெளியே வரும். எனவே பாடியை இறக்கியதும் முதல் வேலை கழுவுவது. பிரஷர் பம்ப்பால், பல நாள் இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு இறங்கிய பகுதிகளின் கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும். மழைநீர் அல்லது நல்ல குடிநீர் வேண்டும். போதுமா என்று அறிய, சேஸிஸிலிருந்து வடியும் நீரில் நாலு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவையுங்கள். பக்கத்திலேயே இன்னும் கழுவப் பயன்படுத்தாத நல்ல நீரிலும் நாலு சொட்டு. இரண்டும் விட்டுச் செல்லும் தடம் ஒன்றுபோல் ஆகும்வரை கழுவ வேண்டும். அதன் பிறகு சேஸிஸுக்கு மணல் பீய்ச்சலாம், தடித்த இரும்பு தாங்கும்; கதவு, பானட் போன்ற தகடுகளுக்கு வேண்டாம், நெளிந்துவிடும். பீய்ச்சுபவர் முறையான முகக்கவசம் இல்லாமல் வேலை செய்ய அனுமதிக்காதீர்கள். நுரையீரலில் இறங்கும் அந்த மணல் தூசி வெளியே வருவதில்லை. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும்; அதையும் காற்றடித்து ஊதக் கூடாது.

சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும். இந்த லாரிகளின் சக்கரம் இரண்டு பாதிகளைச் சேர்த்து போல்ட் போட்டது. ஹப்பைச் சுற்றி உள்வட்டமாக இருக்கும் நட்டுகள் சக்கரத்தை ஆக்சிலோடு பிடிக்கின்றன. ரிம்மை ஒட்டி வெளிவட்டமாக இருப்பவை இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பிடிக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டைக் கழற்றினால் பாதிச் சக்கரம் குண்டுபோல் வெடித்துப் பறக்கும். பட்டாளத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து எச்சரித்தார்கள். உங்கள் வண்டியில் அந்தச் சிவப்பு என்றோ போயிருக்கும். பஞ்சர் கடைப் பையனிடம் ஏர் கன்னைக் கொடுத்துக் கழற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். டயர் தட்டையாகத் தெரிந்தாலும் வால்வு ஊசியைக் கழற்றி, கம்பி விட்டு அடைப்பில்லை என்று பார்த்த பிறகே எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்க வேண்டும். மூன்று டன்னுக்கு 10.50-20 அளவு டயர்; 30 ஹண்டர்வெயிட்டுக்கு 10.50-16. பின்னதற்கு இங்கே கிடைக்கும் 9.00-16 டயரை மாற்றாகப் போடலாம். ஆனால் டிராக்டர் டிரெய்லருக்கென்று செய்த டயர் வேகம் தாங்காது.

இன்ஜின் செவர்லேயாக இருந்தால், மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதன் கனெக்டிங் ராடுகளில், கழற்றி மாற்றக்கூடிய இன்றைய ஷெல் பேரிங் கிடையாது. ஈயக்கலவையை நேராக ராடிலேயே ஊற்றிக் கடைந்திருப்பார்கள். ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் உள்ள தொட்டியிலிருந்து ஆயிலை அள்ளிக்கொள்ளும். ஆகவே ஆயில் பிரஷர் ஓடும்போதே சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு அளவில்தான் நிற்கும். அதைக் கோளாறு என்று எண்ணித் தடித்த ஆயிலை ஊற்றினால் கரண்டிக்கு ஆயில் சரியாகச் சேராமல் பேரிங் உருகும். நெடுநாள் நின்ற இன்ஜினை வண்டியைக் கட்டி இழுத்துக் கிளப்ப முயல வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, இரண்டு வாரம் ஊறவிட்டு, ஹேண்டிலால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்ததும் ஸ்டார்ட் செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் சம்ப்பை இறக்குங்கள். தொட்டிகளில் கரியும் சேறும் களிம்பாக இறுகியிருக்கும்.

ஃபோர்டு வி8 என்றால் கவலை வேறு: வெப்பம். எரிந்த புகை வெளியேறும் வழி இன்ஜின் பிளாக்கின் ஊடாகவே போவதால் அந்த இன்ஜின் குளிர்நாட்டிலேயே சூடேறும். வேலூர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். நீர் ஓடும் அறைகளைக் கம்பி விட்டுச் சுரண்டி, துருவை முழுக்க வெளியேற்றி, வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் உண்டா என்று சோதித்த பிறகே செலவு செய்யத் தொடங்குங்கள். இரண்டு இன்ஜினுக்கும் உதிரிபாகம் நினைப்பதைவிட எளிது. அதே செவர்லே இன்ஜின் 1937 முதல் 1952 வரை கார்களிலும் வந்தது, ஃபோர்டு வி8-க்கு அமெரிக்காவில் இன்றும் புதிதாகவே பாகங்கள் செய்கிறார்கள். பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையிலும் ஒரு நடை தேடலாம். கிடைக்காதவை கேபின் தகடுகள், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சிலின் உள்பாகங்கள். முன் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டை யாராவது கழற்றி மூலையில் போட்டிருந்தால், பழைய இரும்புக்காரர் கண்ணில் படுமுன் எடுத்து வையுங்கள்.

பெட்ரோலாகவே வைத்துக்கொண்டால், இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதை மறக்க வேண்டாம். அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் தின்றுவிடும், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி டேங்கில் நீர் சேர்க்கும். எத்தனால் தாங்கும் ரப்பரை மாற்றி, ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாக வையுங்கள். மின்சாரம் 6 வோல்ட் என்பதால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். விளக்கு மங்கினால் முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டிப் பாருங்கள். பிரேக் ஹைட்ராலிக்தான், மாஸ்டர் சிலிண்டர் குழிவிட்டிருந்தால் நல்ல லேத்தில் கொடுத்துப் புஷ் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகக் காகிதம். பழம்பெரும் வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தனிப் பதிவு முறை, ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளுக்கும் பயணியர் நான்கு சக்கர வண்டிகளுக்கும் உரியது. சரக்கு லாரி அந்த வரையறைக்குள் வராது. எனவே உங்கள் தாத்தாவின் பழைய ஆர்.சி. புத்தகமே உங்களுக்கு முதல் ஆதாரம். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த 1989-க்கு முந்தைய பதிவு என்பதால், இன்று நீங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும் பழைய பதிவேட்டை வேலூரிலும் விசாரிக்க வேண்டியிருக்கும். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இன்ஜினை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். புத்தகம் கிடைக்காவிட்டால், சேஸிஸ் எண்ணின் படத்தோடு எழுத்து மூலமாகவே கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்குங்கள். அந்தப் பதில் வரும்வரை கழுவும் வேலையை நடத்தலாம். பெயின்ட்டுக்கும் இன்ஜினுக்கும் பணம் போடுவதை நிறுத்தி வையுங்கள்.